மஞ்சள் கருவை நாய்க்குப் போடச் சொன்னேன்

திருநகரைத் தாண்டும்போதுதான் கவனித்தேன், நான் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிகூட ஆகவில்லை. தோளில் ஒரு ரெக்சின் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு சோப்பு டப்பா. பின்னால், கப்பலூரில், நான் மூன்று வருடம் வேலை பார்த்த ரப்பர் கம்பெனி. யாரும் என்னைத் துரத்தவில்லை. யாரும் போகச் சொல்லாமல் நானாக ஓர் இடத்தை விட்டுக் கிளம்புவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் கால் நிற்க மாட்டேன் என்றது.

என் உடம்பு நாறும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. அது வியர்வை நாற்றம் இல்லை, குளிக்காதவன் நாற்றமும் இல்லை. வெயிலில் வைத்த மீன் கூடையின் நாற்றம். இரண்டு வேளை தேய்த்துக் குளித்தாலும் வரும். என் மூக்குக்கு அது தெரியாது, பழகிவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் நகர்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஏழாம் வகுப்பில் நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எட்டாம் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் தினம் கருவாடு, அதுதான் துணியில் ஏறுகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். வீட்டை விட்டு வெளியே வந்த பிறகும் நாற்றம் கூடவே வந்தது. ஜவுளிக்கடையில் புடவை மடிக்கும் வேலை பதினோரு நாள். சலூனில் மூன்று நாள். மினி பஸ் விட ஆரம்பித்த புதிதில் ஒரு பஸ்ஸில் கண்டக்டராக ஏறினேன். அது ஒரு மாதம் ஓடியது. கடைசி நாள், கூட்டத்தில் நின்ற ஓர் அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏப்பா கண்டக்டரு, டிக்கெட்ட அங்கன இருந்தே எறி. நான் புடிச்சுக்கிறேன்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு டிக்கெட்டை எறிந்தேன். அவர் நன்றாகத்தான் பிடித்தார். சாயங்காலம் முதலாளி பையை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

ரப்பர் கம்பெனி எனக்குப் பொருந்தியது. காரில் போடும் கால்மிதி செய்யும் கம்பெனி அது. அங்கே எல்லாரும் ஒரே மாதிரி நாறினோம். வெந்த ரப்பர் வாடைக்குள் என் வாடை ஒளிந்துகொண்டது. முழுக்க ஒளியவில்லை, ஆனால் வேலையை விட்டு அனுப்பும் அளவுக்குத் தெரியவில்லை.

என் அறையில் ஓர் அண்ணன் இருந்தார். பிரஸ் மிஷின் ஓட்டுபவர், ஐம்பது வயது, குடும்பம் உசிலம்பட்டிப் பக்கம். நான் சேர்ந்த மறு வருடம் மிஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிழைத்து வந்தவரிடம் டாக்டர், எண்ணெயைக் குறை, ஈரல் பக்கம் போகாதே, முட்டையில் வெள்ளையை மட்டும் தின்னு, மஞ்சளைத் தொடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் நெஞ்சுவலி வந்தவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். அண்ணன் தினம் சாயங்காலம் நான்கு முட்டை அவிப்பார். வெள்ளை அவருக்கு, மஞ்சள் எனக்கு. மிளகுத்தூள் தூவி, தட்டின் ஓரத்தில் நான்கு உருண்டைகளையும் வரிசையாக வைப்பார்.

"தின்னு தம்பி. ஒனக்கென்ன, இரும்பு நெஞ்சு. சத்துப்பூரா இதுலதான் இருக்கு."

தட்டில் அவ்வளவு அக்கறையோடு எனக்கு யாரும் வைத்ததில்லை. ஒன்றைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லை.

கார்த்திகையில் கம்பெனியில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டார்கள். நானும் போட்டேன். குளிர்ந்த தண்ணீர்க் குளியல், சந்தனம், ஒரு வேளைச் சாப்பாடு. பத்து நாள் கழித்து, டீக்கடை அக்கா டம்ளரை எப்போதும் போலப் பலகையில் வைத்துத் தள்ளாமல் என் கையில் கொடுத்தார். நான் டீயைக் குடிக்காமல் அப்படியே நின்றேன். ஐயப்பன் என் தோலைத் தொட்டுவிட்டார் என்று நம்பினேன். வேறு எப்படி நம்புவது?

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று அண்ணன் கொண்டாட்டமாக முட்டை அவித்தார். இரண்டாம் நாள் டம்ளர் மறுபடியும் பலகைக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் எல்லாருக்கும் கேட்கும்படி, "மலைக்குப் போயிட்டு வந்து எங்கயோ தப்பு பண்ணிருக்கான்யா" என்றார். நானும் என்ன தப்பு என்று தேடிப் பார்த்தேன். தேடினால் யாருக்கும் நாலு தப்பு கிடைக்கும், எனக்கும் கிடைத்தது.

தை மாதம் பழனிக்கு மாலை போட்டேன். வாடை போயிற்று. பழனிக்கு நடந்து போய்த் திரும்பினேன், ஆனால் மாலையைக் கழற்றவில்லை. மாசி வந்தது, பங்குனி வந்தது, நான் வேட்டியும் மாலையுமாகவே இருந்தேன். எந்தக் கோயிலுக்கு என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு கோயில் சொன்னேன். கடைசியில் எனக்கு மாலை போட்டுவிட்ட குருசாமியே என்னைத் தேடி வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, மாலை போட்டவன் கெளம்பணும். நீ என்னடான்னா பஸ்ஸுல துண்டப் போட்டு சீட்டு புடிச்சுட்டு ஏறவே மாட்டேங்குறியே!"

"சாமி, இது கழுத்துல கெடந்தா நாத்தம் வரமாட்டேங்குது."

"அதுக்கு சோப்பு வாங்கு. சாமிய சோப்பாக்காத. கழட்டு."

கழற்றினேன். அதே வாரம் அண்ணன் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்க ஊருக்குப் போனார், போனவர் ஒரு மாதம் அங்கேயே தங்கிவிட்டார். முட்டை அவிக்க ஆள் இல்லை. எனக்குச் சமைக்கத் தெரிந்தது சோறும் ரசமும் கத்தரிக்காயும்தான். தினமும் காலையில் எழுந்து, இன்றைக்கு நாறுவேன் என்று காத்திருந்தேன். நாறவில்லை. மாலை இல்லை, சந்தனம் இல்லை, நாற்றமும் இல்லை. லோடு ஏற்றும் ஆள் ஒருவர் மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டிலிருந்தே கத்தரிக்காய் எடுத்துத் தின்றார்.

அண்ணன் திரும்பி வந்தார். அன்று சாயங்காலம் நான்கு முட்டை, நான்கு மஞ்சள். மறுநாளும் நான்கு. அதற்கு மறுநாள் மதியம், லோடு ஏற்றுபவர் தட்டோடு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். அவருக்கே தெரியாமல் தள்ளினார். ஒரே ஒரு சாண்.

அன்று சாயங்காலம் அண்ணன் தட்டை என் முன்னால் வைத்தார். ஒரு மஞ்சள் கருவை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தினேன். மாலை போட்டிருந்தால் முட்டை கிடையாது. அண்ணன் ஊருக்குப் போனாலும் முட்டை கிடையாது. மூளைக்குள் ஒரு லைட் போட்ட மாதிரி இருந்தது. நான் கத்திவிட்டேன்.

"அண்ணே! மஞ்சக்கரு!"

"இன்னும் வேணுமா? நாளைக்கு அஞ்சா அவிக்கிறேன்."

"வேணாம்ணே! இதான்ணே! இதான் நாறுது!"

அவர் முகம் விழுந்துவிட்டது. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "கூமுட்டையா? நேத்துதானடா வாங்குனேன், நல்ல முட்டைடா."

"முட்டை நாறல. நான் நாறுறேன்!"

நான் சிரித்துக்கொண்டே சொன்னதால் அவருக்குப் புரியப் பத்து நிமிடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் உற்சாகமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறியதில்லை. இங்கே நானே எனக்குப் பரீட்சை வைத்தேன். பத்து நாள் ரசமும் சோறும். பிறகு வேண்டுமென்றே இரண்டு நாள் மஞ்சள் கரு. லோடு ஏற்றுபவர் எவ்வளவு தூரம் உட்காருகிறார் என்று பார்ப்பேன். பாவம், அவர்தான் என் தராசு. மறுபடி பத்து நாள் ரசம், பிறகு கருவாடு. ஒன்றரைச் சாண். மறுபடி ரசம், பிறகு ஆட்டு ஈரல். அன்றைக்கு அவர் எழுந்து மரத்தடிக்கே போய்விட்டார், எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. பட்டாணிச் சுண்டல் நிறையத் தின்றால் லேசாக. மோர், கத்தரிக்காய், வெண்டைக்காய், இட்லி, ஒன்றும் இல்லை. என் நாற்றத்துக்கு ஒரு கதவு இருக்கிறது, அது என் வாய்தான், அதன் சாவி என் கையில் இருக்கிறது.

பல வருடம் கழித்து ஒரு டாக்டர் அம்மா விளக்கினார். மஞ்சள் கருவிலும் ஈரலிலும் கோலின் என்று ஒரு சத்து நிறைய இருக்கிறதாம், உடம்புக்கு அது வேண்டியதுதானாம். குடலில் இருக்கும் கிருமிகள் அதில் மிஞ்சுவதை மீன் வாடை அடிக்கும் ஒன்றாக மாற்றும். மீனிலும் அந்த வாடைக்கு வழி இருக்கிறது. மற்றவர்களுக்கு ஈரல் அந்த வாடையை எடுத்துவிடும், என் ஈரலுக்கு அந்த வேலை சரியாக வராது, அதனால் வியர்வையிலும் மூச்சிலும் வெளியேறுகிறது. வாடை எடுத்த பிறகு மிஞ்சுவது இருக்கிறதே, அது நெஞ்சுக்கு நல்லதா கெட்டதா என்றும் இப்போது ஆராய்கிறார்களாம், இன்னும் முடிவாகவில்லை என்றார். மஞ்சள் கருவை அந்தக் காலம் போல எல்லாருக்கும் ஒரேயடியாக விலக்குவதும் இல்லையாம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் முட்டையை நிறுத்த வேண்டாம். இது என் உடம்பின் கதை.

அண்ணனுக்கு இந்த விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"என் நெஞ்சுக்கு ஆகாதுன்னு தள்ளுனத ஒன் வாயில போட்டு, ஒன் மானத்த வாங்கிருக்கேனேடா."

"நீங்க பாசமாத்தானண்ணே வச்சீங்க."

"பாசமா வச்சா நாறாதா?"

இன்னொரு சிக்கலும் முளைத்தது. அவருக்குச் சாப்பாட்டைக் கொட்ட மனசு வராது. ஒரு நாள் நான் அறைக்குள் நுழைந்தபோது அவர் வாயின் ஓரத்தில் மஞ்சள் கருத் துகள். "வீணாப் போகுதுல்ல" என்றார், திருடிப் பிடிபட்டவர் மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் தட்டைப் பிடுங்கி, வாசலில் படுத்திருந்த கம்பெனி நாய்க்கு முன்னால் கவிழ்த்தேன்.

"இனிமே இது நாய்க்கு! நீங்க செத்தா நான் யாருகூட சண்ட போடுறது?"

"நாயி நாறிறாதாடா?"

"நாயி நாறுனா யாருண்ணே டிக்கெட்ட எறியச் சொல்லப்போறா!"

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரிப்பதைப் பார்த்து நான் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தேன். நாய்க்குத்தான் போடுவேன் என்று ஊரில் இருக்கும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்.

ஆனால் எனக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. ரப்பர் கம்பெனியில் யாருக்கும் மூக்கு சரியில்லை. லோடு ஏற்றுபவர் மூக்குப்பொடி போடுகிறவர். அண்ணன் என்மேல் பிரியம் உள்ளவர், பொய் சொல்லுவார். உண்மையிலேயே நாற்றம் போய்விட்டதா, இல்லை ரப்பருக்குள் அமுங்கிக் கிடக்கிறதா? போய்விட்டது என்றால் நான் எந்த மனுஷன் பக்கத்திலும் நின்று வேலை செய்யலாம். போகவில்லை என்றால் சாகும்வரை ரப்பர்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு நாள்கூட அங்கே இருக்க முடியவில்லை. அதனால்தான் முதல் நாளே சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அன்று காலை நடந்தேன்.

போகும் இடம் முடிவாகியிருந்தது. காஜிமார் தெருப் பக்கம் ஓர் அத்தர் கடை. அதை நடத்தும் பாய்க்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். முன்பு ஒரு தடவை நாற்றத்தை மறைக்க அவரிடம் அத்தர் வாங்கிக் கடையிலேயே பூசினேன். அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க தம்பி. மல்லிகைத் தோட்டத்துல மீன் லாரி கவுந்த மாதிரி இருக்கு." அன்று அவரை அடிக்கலாம் போல இருந்தது. இப்போது எனக்குத் தேவை அந்த வாய்தான், அந்த மூக்குதான்.

பழங்காநத்தம் வழியாக ஊருக்குள் நுழைந்து கடையை அடைந்தபோது அவர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், ஒரு உதவி. என்னைய மோந்து பாக்கணும்."

"என்னது?"

"மோந்து பாக்கணும் பாய். கழுத்து, கையி, மூச்சு. அத்தர் பூசல, ஒண்ணும் பூசல."

"யா அல்லா! இன்னும் போணியே ஆகல!" என்று சிரித்தார். ஆனால் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். தன் சட்டைக் கையை ஒரு தடவை முகர்ந்து மூக்கைச் சரிப்படுத்திக்கொண்டார். பிஸ்மில்லா சொன்னார். என் கழுத்தோரம் குனிந்தார். நான் மூச்சை அடக்கினேன்.

"மூச்ச விடுங்க, தம்பி. அப்பறம் எதைப் பாக்குறது."

விட்டேன்.

"ரப்பரு. டயர் கடையா? செவப்பு சோப்பு. காலைல இட்லி. சாம்பார்ல பெருங்காயம் ஜாஸ்தி."

"மீனு?"

"எந்த மீனு?"

"நல்லாப் பாருங்க பாய். மீன் வாடை. அக்குள்ல பாருங்க."

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டு துருவ மாட்டாங்க!" என்றார், ஆனாலும் பார்த்தார். நிமிர்ந்தார். "நடந்து வந்திருக்கீங்க, வேர்வை இருக்கு. மனுஷ வேர்வை. மீன் இல்ல, கருவாடு இல்ல, நண்டு இல்ல. போதுமா?"

நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. அது இன்னும் நன்றாக இருந்தது. கிளம்பும்போது பின்னாலிருந்து கத்தினார்: "ஒரு சின்ன பாட்டிலாவது வாங்கிட்டுப் போறது! மோந்து பாத்ததுக்குக் கூலியும் இல்ல, யாவாரமும் இல்ல!"

அதற்குப் பிறகு மாசி வீதிகளில் ஆள் குறைவான பக்கமே போகவில்லை. கூட்டம் எங்கே நெருக்குகிறதோ அங்கே புகுந்தேன். பூ வாங்குகிறவர்களுக்கு நடுவில் போய்க் காரணம் இல்லாமல் நின்றேன். அரசமரம் பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் பொறுக்குகிறவர்களோடு சேர்ந்து பொறுக்கினேன். ஒருவர் என் காலை மிதித்துவிட்டு, "தள்ளி நில்லுய்யா" என்றார். இடம் இல்லாததால் சொன்னார், அவ்வளவுதான். அந்தத் திட்டு தேனாக இனித்தது.

ஆரப்பாளையம், விளாங்குடி தாண்டிப் பரவை மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. மூட்டை தூக்கும் வேலை எப்போதும் கிடைக்கும் என்று நினைத்து வந்தேன். ஒரு டெம்போவில் முட்டைக்கோசும் பூசணியும் ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் தொந்தியும் துண்டுமாக ஒரு சமையல் மாஸ்டர், யாரையோ வைதுகொண்டிருந்தார்.

"காலைல சமயநல்லூர்ல முகூர்த்தம். இப்ப வந்து வவுத்தால போகுதுங்குறான். வவுத்தால போறவன நான் பந்தியிலயா நிறுத்த முடியும்?" என்னைப் பார்த்தார். "ஏப்பா, சும்மாதான நிக்கிற? பந்தி பரிமாறத் தெரியுமா?"

பந்தி. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேல், மூக்குக்கு நேராகக் குனியும் வேலை. அதைவிடப் பக்கத்தில் போகும் வேலை உலகத்தில் இல்லை.

"தெரியும்ணே."

"பொய்யி. கரண்டி புடிச்ச கையா இது? சரி, குனியத் தெரியும்ல?"

"தெரியும்ணே."

"ஏறு."

டெம்போவில் காய்கறிக்கு நடுவில் ஏழு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு இந்தப் பக்கம் இருந்தவர் என் தோளிலேயே தூங்கிவிட்டார். நான் அசையவே இல்லை. மண்டபத்தில் இறங்கியதும் எல்லாருக்கும் புரோட்டாவும் முட்டைக் குழம்பும் வந்தது. என் முட்டையை ஓரமாகத் தள்ளினேன்.

"என்ன மாப்ள, வெரதமா?" என்றார் தோளில் தூங்கியவர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் தன் பாட்டுக்கு உண்மையைச் சொன்னது. "இல்ல மாப்ள. மஞ்சக்கரு தின்னா என் ஒடம்பு மீனு மாதிரி நாறும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இம்புட்டுதானா? இவன் மொச்சக்கொட்ட தின்னா நாங்கல்லாம் மண்டபத்துக்கு வெளிய போய்ப் படுப்போம்" என்று தோளில் தூங்கியவர் இன்னொருவரைக் காட்டிவிட்டு, என் முட்டையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

காலையில் ஆறு மணிக்கே முதல் பந்தி. எனக்கு வெள்ளை வேட்டி கட்டவைத்து, இடுப்பில் துண்டை இறுக்கிவிட்டு, சட்னி வாளியை என் கையில் கொடுத்தார் மாஸ்டர். "எல வெளிம்புல ஊத்து. சட்டையில ஊத்துன, நீயே தொவைக்கணும்." முதல் இலை. குனிந்தேன். ஒரு கரண்டி. அவர் இட்லியைப் பிட்டுத் தொட்டுக்கொண்டார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது இலை. மூன்றாவது. ஒவ்வொரு முகமாக ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன். மூக்குகள் பொங்கலின் நெய் வாசனையில்தான் இருந்தன. வரிசையின் நடுவில் இருந்த ஒருவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இது என்ன சட்னிப்பா?"

"தக்காளி சட்னிங்க."

"என்ன?"

பக்கத்திலிருந்த அவர் மனைவி சொன்னார்: "அவருக்குக் காது மந்தம் தம்பி. பக்கத்துல போய்ச் சொல்லு."

வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னும் கீழே குனிந்து, அவர் காதை என் வாய் தொடும் அளவுக்குப் போய்ச் சொன்னேன். அவர் தலையை நகர்த்தாமல் கேட்டார். பிறகு என் முழங்கையைப் பிடித்து இலைக்கு இழுத்தார்.

"அப்ப இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."